தலைக்கணக்கு

ஒலிபெருக்கி சொன்னது:
இன்றைய கூட்டம் பதினோராயிரத்து இருநூறு.
இடலினா ஃபுர்த்தாதோவின் உள்ளங்கைச் சொடுக்கி சொன்னது:
நாலாயிரத்து முப்பத்தொன்று.
அதிலும் ஒன்று நாய்.
மூன்றாம் வாசல் வழியே நுழைந்தது,
கட்டைவிரல் பழக்கதோஷத்தில் அழுத்திவிட்டது.

ஹாஸ்கின்ஸ் ஃபால்ஸ் கால்பந்துக் கழகத்தின் வரலாறு
எப்போதுமே இரண்டு கணக்கில்தான் ஓடியது.

முதன்முதலில்
நெசவாலையின் கொதிகலன் அறையில் அணி சேர்ந்தபோது
ஸ்காட்லாந்துக்காரர்கள் பந்தைக் கொண்டுவந்தார்கள்,
அசோர்ஸ் தீவுக்காரர்கள் சண்டையை.
டங்கன் மெக்கெல்வி என்ற நடுக்கள ஆட்டக்காரன்
சம்பளப் பேரேட்டில் சாயப்பட்டறை உதவியாள்.
ஆறு வருடம் கூலி வாங்கினான்.
சாயத்தொட்டி எந்தக் கட்டடத்தில் இருக்கிறதென்று
கடைசிவரை அவனுக்குத் தெரியாது.
ஆனால் சனிக்கிழமை மதியம்
அவன் வலது காலிலிருந்து பந்து கிளம்பினால்
சங்கு ஊத மறந்து நிற்பான் ஆலைக் காவலாளி.

பிறகு வேலை தெற்கே போயிற்று.
ஒரு செவ்வாய்க்கிழமை ஆலையும் கழகமும் சேர்ந்து மூடின.
கோல் வலையை யாரோ மீன்பிடிக்கக் கொண்டுபோனார்கள்.
மீன் விழுந்ததாகவும் கேள்வி.

நாற்பது வருடம் கழித்து
லாயிட் ஸ்டெங்கல் என்ற மெத்தை வியாபாரி
இல்லாத கழகத்தை விலைக்கு வாங்கினார்.
யாரிடமிருந்து என்று கேட்காதீர்கள்.
நெசவாளர் என்ற பழைய பெயர் தூக்கம் வரவழைக்கிறது என்றார்
(மெத்தை விற்பவர்).
காமெட்ஸ் ஆயிற்று.

சமநிலை என்ற சொல் இந்த நாட்டின் தொண்டையில் இறங்காது.
டிரா ஆனால் முப்பத்தைந்து கஜத்திலிருந்து ஓடிவந்து
ஐந்து நொடிக்குள் அடிக்கச் சொன்னார்கள்.
கூட்டமே உரக்க எண்ணும்:
ஐந்து, நாலு, மூன்று...
ஊர் முழுக்க ஒரே கணக்கில் நின்றது
அந்த ஐந்து நொடிதான்.

ஆடியது வாடகை பேஸ்பால் மைதானத்தில்.
பந்து எறிபவரின் மேட்டைச் சீவ நகராட்சி சம்மதிக்கவில்லை.
பெனால்டி கட்டத்துக்குச் சற்று முன்னால்
குழந்தைக் கல்லறை போல அது கிடந்தது.
எழுபத்தாறில் கோப்பை இறுதியாட்டம்.
முழங்காலில் பாதியை சாக்ரெபில் விட்டுவந்த
ஸ்வோன்கோ பிரய்திச்
கோலைப் பார்க்கவே இல்லை. மேட்டைப் பார்த்து அடித்தார்.
பந்து துள்ளி, திசை மாறி, கோல்காவலரின் தோளைத் தாண்டியது.
குருட்டு அதிர்ஷ்டம் என்றது பத்திரிகை.
இரண்டு மாதமாக, இருட்டிய பிறகு,
அவர் தனியே அந்த மேட்டில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்ததை
விளக்கணைக்க வந்த இடலினா பார்த்திருக்கிறாள்.
அன்று கூட்டம் மெய்யாகவே ஒன்பதாயிரத்தைத் தாண்டியது.
ஸ்டெங்கல் வழக்கம்போலப் பெருக்கினார்.
மைதானம் கொள்ளாத எண் வந்தது,
தீயணைப்புத்துறை அபராதம் போட்டது.

இங்கே ஒரு கழகத்தைச் சுருட்டி லாரியில் ஏற்றலாம்.
எண்பத்து மூன்று அக்டோபரில் ஏற்றினார்கள்.
சட்டைகள், கோப்பை, பச்சைக் கம்பளம் எட்டுச் சுருள்.
இப்போது அரிசோனாவில் எங்கோ
அணியின் சின்னத்துக்கு அடியில்
தறியும் நாடாவும் வரைந்திருக்கிறார்களாம்.
அந்த ஊரில் ஒரு தறியும் ஓடியதில்லை.

மேடு இங்கேயே நின்றுவிட்டது.

கடைசி ஆட்டத்தின் சொடுக்கியை
இடலினா திருப்பிக் கொடுக்கவில்லை.
பூஜ்யத்துக்கும் திருப்பவில்லை.
கருவியில் நிற்கும் எண்ணை எதற்கு எழுதிவைப்பது என்று
சமையலறை இழுப்பறையில், ரப்பர்பேண்டுகளுக்கு அடியில் வைத்தாள்.
ஒரு குளிர்காலத்தில் அவள் கணவர் அமெரிக்கோ
இடுப்பு அறுவைக்குப் பின் படியேறிப் பழகும்போது
கைக்குக் கிடைத்ததை எடுத்து
படிக்கு ஒன்றாக அழுத்தினார்.
எத்தனை படி என்று அவருக்கு நினைவில்லை.
எழுநூற்று நாற்பத்தெட்டில் நின்றது.

மூன்று நாள் அவரோடு பேச்சில்லை.

இப்போது யாராவது கேட்டால்
அறுநூற்றுச் சொச்சம் என்கிறாள்.
சில நாள் எழுநூறு.
போன ஈஸ்டருக்கு, இரண்டு கிளாஸ் ஒயின் உள்ளே போனதும்,
ஆயிரம் இருக்கும் என்றாள்,
அந்த நாயையும் சேர்த்து.